தோட்டாக் கூட்டின் கழுத்து

நான் சிறுவனாயிருந்த காலத்தில், ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டிற்குப் பின்புறம் பித்தளைப் பாத்திரம் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. கன்னார் ஒருவர் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழிவாக்குவார். சிறிது நேரம் சென்றதும் வேலையை நிறுத்தி, அதனைக் கரியடுப்பிலிட்டுத் துருத்தி ஊதிச் சிவக்கக் காய்ச்சுவார். பின்னர் மீண்டும் தட்டுவார். “நன்றாகத்தானே வந்தது தாத்தா, ஏன் நிறுத்தினீர்கள்?” என்று ஒருநாள் வினவினேன். “முறுக்கேறிப் போச்சு தம்பி, இனி அடிச்சா வெடிச்சிரும்” என்றார். அச்சொல்லின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது, கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து .303 அங்குலத் துப்பாக்கியைக் கையில் எடுத்த பிறகுதான்.

சுட்டு முடிந்ததும் வெற்றுக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தது, மூவர் புல்லில் அரைநாள் தேடினோம். கிடைத்த கூட்டைக் கையில் வைத்து உற்று நோக்கினேன். அடியில் தடித்தும், உடலில் சற்றே சரிந்தும், மேலே கழுத்தாகக் குறுகியும் இருந்தது. பட்டறையில் கண்ட செம்பின் உருவந்தான் அது!

மாணவ நண்பர்களே, தோட்டாக் கூட்டிற்குரிய பித்தளை, 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுக்களின் வழியே படிப்படியாக இழுத்து நீட்டுகின்றனர். இடையிடையே காய்ச்சிப் பதப்படுத்துகின்றனர். மருந்து வெடிக்கும்போது கூடு விரிந்து துப்பாக்கியறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாமல் அடைக்கவேண்டும். மறுகணமே சற்றுச் சுருங்கி வெளிவர வேண்டும். விரியவும் மீளவும் வல்ல உலோகம் என்பதால் பித்தளை இப்பணிக்கு வாய்த்தது.

ஓர் அளவுக்கென அமைந்த கூட்டை வேறோர் அளவுக்கு மாற்ற இயலுமா? இயலும். ஆங்கிலப் படையில் 1866-இல் புகுந்த ஸ்னைடர் துப்பாக்கியின் தோட்டா .577 அங்குலம். 1871-இல் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி வந்தபோது, அக்கூட்டையே அடிப்படையாகக் கொண்டு, நீளத்தைக் கூட்டி, கழுத்தை .450 அங்குலத்திற்குச் சுருக்கினர். அதனாலேயே அத்தோட்டாவின் பெயரில் இரண்டு எண்களும் இடம்பெற்றன. அமெரிக்காவில் 1952-இல் வெளிவந்த .308 அங்குலத் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி 1955-இல் .243 தோட்டாவை உருவாக்கியதும் இவ்வழியே. இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றே. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டம். கழுத்தை மாற்றலாம், தடித்த அடியை மாற்றுதல் எளிதன்று. ஆகவே அடி ஒத்த தோட்டாக்களே ஒரே குடும்பமாகின்றன. கழுத்தைச் சுருக்கினால் அதன் சுவர் தடிக்கும், விரித்தால் மெலியும். தடித்ததைச் சீவவேண்டும், நீண்டதை நறுக்கவேண்டும். (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றமாகும்; ஆதலின் இதனைக் கேட்டுக் கற்பதோடு நிறுத்திக்கொள்க.)

இங்கேதான் கன்னாரின் சொல் வருகிறது. குளிர்ந்த நிலையில் பித்தளையை வளைக்க வளைக்க, அதன் நுண்ணிய படிகங்கள் உருக்குலைந்து ஒன்றையொன்று நகரவொட்டாமல் தடுக்கின்றன. உலோகம் கடினமாகிப் பின் பிளக்கிறது. காய்ச்சினால் உருக்குலையாத புதிய படிகங்கள் தோன்றி, மென்மை திரும்புகிறது. எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும். பித்தளையோ மென்மையாகவே இருக்கும். தேர்வில் இவ்விடத்தில் தவறாத மாணவனை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கூட்டில் கழுத்தை மட்டுமே காய்ச்சுகின்றனர். அடியும் மென்மையானால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. இராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே காணும் நிறமாற்றம் இந்தக் காய்ச்சலின் அடையாளமே.

இதனைச் செய்யாமல் விட்டதன் விளைவை உலகம் கற்றது நம் இந்திய மண்ணில்தான். ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையவே, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், பலவற்றில் குண்டைக் கவ்விய இடத்தில் பிளவு! எவரும் அடிக்கவில்லை, எவரும் சுடவில்லை. பருவத்தோடு வந்ததால் இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் வைத்தனர். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் காரணம் கண்டனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் ஒன்றுகூடிச் செய்த வேலை அது. இறுக்கத்தை நீக்க மிதமான சூட்டில் பதப்படுத்துதலே மருந்தாயிற்று.

இதைப் படித்த அன்று எனக்கு வீட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் மாட்டுத் தொழுவத்து மூலையில் மழைக்காலம் முழுதும் கிடந்த புதுப் பித்தளைக் குடம் ஒன்றில், கழுத்தருகே நீளமாக விரிசல் விட்டிருந்தது. என் தம்பி அதைக் கீழே போட்டுவிட்டான் என்று தந்தையார் அவனை அடித்தார். அவன் மறுத்தான், யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அம்மோனியாவின் கதையை அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் போடலைன்னு அன்னிக்கே சொன்னேனே, அண்ணே” என்றான்.