நிமிஷத்துக்கு ஐம்பது!

குழந்தை மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்கும் இல்லையா? அதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணிப் பாருங்கள். பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். முப்பதைத் தாண்டுவதற்குள் குழந்தை புரளும், கொசு கடிக்கும், உள்ளேயிருந்து "காபி ஆறுது" என்று குரல் வரும். கணக்கு அம்பேல்!

ஆனால் இந்தக் கணக்கில்தான் பல குழந்தைகளின் உயிர் இருக்கிறது. எக்ஸ்ரே இல்லாத ஊரில், இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியாவா, வெறும் சளியா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி இதுதான். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிஷத்துக்கு 50 மூச்சு, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே உஷார்!

இந்த நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 1990-களின் நடுவில் இதற்கென்றே ஒரு கையேடு போட்டன. குழந்தை பால், தண்ணீர் குடிக்கிறதா? குடித்ததையெல்லாம் கக்குகிறதா? வலிப்பு வந்ததா? மயங்கிக் கிடக்கிறதா? முதலில் இந்த நாலு கேள்வி. அப்புறம் இருமல், பேதி, காய்ச்சல், காது, சத்துக்குறைவு, தடுப்பூசி என்று வரிசையாகப் போகும்.

நல்ல புத்தகம்தான். ஆனால் வாசலில் நாற்பது தாய்மார்கள் காத்திருக்கும்போது யார் சார் பக்கம் பக்கமாகப் புரட்டுவது? நர்ஸ் கண்ணால் ஒரு பார்வை, கையால் ஒரு தொடல், "இந்தாம்மா மருந்து, அடுத்தது யாரு?"

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டில் ஆளைக் கவிழ்ப்பது தப்பாகப் போட்ட கணக்கை விட, பார்க்காமல் விட்ட வவுச்சர்தான். வைத்தியத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. நர்ஸுக்குத் தெரியாமல் இல்லை, கேட்க விட்டுப்போகிறது.

இங்கேதான் செல்போனும் டேப்லெட்டும் வருகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் டான்ஸானியா நாட்டின் கிராமத்து டிஸ்பென்ஸரிகளில் டாக்டர் அபூர்வம். நர்ஸும், கிளினிக்கல் ஆபீஸர் என்ற உதவி மருத்துவருமே எல்லாம். அங்கே 'இ-பாக்ட் ப்ளஸ்' என்ற புரோகிராமை டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ஹெட்கிளார்க் மாதிரி அது வரிசையாகக் கேள்வி கேட்கும். பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி. கூடவே விரலில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு பார்க்கும் சின்னக் கருவி, ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யும் சில டெஸ்ட்டுகள். கடைசியில் 'இந்த மருந்து கொடு', 'மருந்து வேண்டாம்', 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு' என்று யோசனை சொல்லும்.

பலன்? ம்பேயா, மொரோகோரோ என்ற இரண்டு பகுதிகளில் 40 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதியில் டேப்லெட், பாதியில் வழக்கமான வைத்தியம். முடிவு வெளியானது. வழக்கமான இடங்களில் நூற்றுக்கு 70 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். டேப்லெட் இருந்த இடங்களில் 23-தான்! மருந்தைக் குறைத்ததால் குழந்தைகளுக்கு ஆபத்து வந்ததா? ஏழாம் நாள் விசாரித்தால், குணமாகாத குழந்தைகளின் கணக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே.

இது சில்லறை விஷயமில்லை. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கிருமிக்கு அது பழகிவிடும். நிஜமாகவே நிமோனியா வரும் அன்று மருந்து கையை விரித்துவிடும். அன்றைக்கு யாரைப் போய்க் கேட்பது?

அதற்காக டேப்லெட்டை டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட வேண்டாம். சார்ஜ் தீர்ந்தால் அதுவும் வெறும் பலகை. 'பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு' என்று எழுத்து வரும், வண்டி வராது. அலமாரியில் மருந்து இல்லையென்றால் அதனால் வரவழைக்கவும் முடியாது. குழந்தையின் சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுவது அந்த நர்ஸம்மாதான். எதையும் விட்டுவிடாதே என்று பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்துவது மட்டுமே மெஷினின் உத்தியோகம்.

உங்கள் வீட்டில் குழந்தை இருமினால் நீங்களும் எண்ணலாம். முதல் நாலு கேள்வியில் ஒன்றுக்காவது பதில் தப்பாக இருந்தால், எண்ணிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எண்ண ஒரே ஒரு நிமிஷம் போதும். அதே செல்போனில் ஆபீஸ் நேரத்தில் எத்தனை நிமிஷம் போகிறது என்று நான் கேட்கமாட்டேன். அது உங்களுக்கும் உங்கள் மானேஜருக்கும் உள்ள விவகாரம்!