வேஷம் கட்டினால் கைதட்டல்... வேஷமே இல்லையென்றால்?

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம் திருவிழா நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘ஸ்திரீபார்ட்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மீசையை மழித்த ஆண், புடவை கட்டி, சவுரி வைத்து, வள்ளியாக வந்து நிற்பார். கூட்டம் விசிலடிக்கும். தஞ்சாவூரை அடுத்த மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவிலோ இது பக்தியோடு சேர்ந்த விஷயம். பிரகலாதனின் தாய் லீலாவதி உட்பட எல்லாப் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்பது அங்கே மரபு. நாடக மேதை டி.கே.சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்ற அடைமொழி கிடைத்ததே கிழவி வேஷத்தால்தான்.

அதே ஊரில் ஒரு பையன், “இது வேஷம் இல்லம்மா, நான் பொண்ணுதான்” என்று வீட்டில் சொன்னால்? விசில் நின்றுவிடும். பல வீடுகளில் அடி விழும். அப்புறம் படிப்பு நிற்கும், ஒருநாள் பிள்ளையே வீட்டில் இருக்காது.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜும் சிறு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறியவர்தான். கூடவே வந்தவர் தோழி சக்தி. வைஜயந்திமாலாவின் படங்களைப் பார்த்துப் பார்த்து நடனத்தின்மேல் பைத்தியமான நர்த்தகி, அவருடைய குருவையே தேடித் தஞ்சாவூர் வந்தார். அந்த குரு, கே.பி.கிட்டப்பா பிள்ளை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த ‘தஞ்சை நால்வர்’ பரம்பரை. அவ்வளவு பெரிய நட்டுவனார் வீட்டு வாசலில் ஒரு திருநங்கை போய் நிற்பது அன்றைக்குச் சாதாரண விஷயமா என்ன?

ஏறத்தாழ ஓராண்டு காக்க வைத்தார் கிட்டப்பா பிள்ளை. பிறகு கதவைத் திறந்தார். ‘நர்த்தகி’ என்று பெயர் வைத்ததும் அவரே. சுமார் 15 ஆண்டுகள் குருகுலவாசம். தலைவனுக்காக ஏங்கும் தலைவியின் நாணத்தை, எழுபது வயது தாண்டிய ஓர் ஆண் அபிநயம் பிடித்துச் சொல்லித்தர, திருநங்கை ஒருவர் கற்றுக்கொண்டார். அந்த நாயகி பாவம்தான் பின்னாளில் நர்த்தகியின் அடையாளமே ஆனது.

‘இயற்கைக்கு விரோதம்’ என்பவர்களுக்கு அறிவியலிடம் வேறு பதில் இருக்கிறது. கருவில் முதல் ஆறு வாரம்வரை எல்லாக் குழந்தைக்கும் பாலுறுப்புகளின் தொடக்கம் ஒரே மாதிரிதான். பிறகு மரபணுவும் ஹார்மோனும் வழி பிரிக்கின்றன. சிலருக்கு அந்தப் பிரிவு இரண்டுக்கும் இடையில் நிற்கும், அவர்கள் இடைப்பாலினத்தவர். திருநங்கை, திருநம்பி என்பது வேறு. உடல் ஒன்றாகவும், ‘நான் யார்’ என்ற உள்ளுணர்வு இன்னொன்றாகவும் இருப்பது. இரண்டையும் நாம் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். அதற்குக் காரணம் இதுதான் என்று ஒற்றைக் காரணத்தை யாரும் நிறுவவில்லை. ஆனால் அது மனநோய் அல்ல. உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், மனநோய்கள் பிரிவிலிருந்தே அதை எடுத்துவிட்டது.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனை நினைவிருக்கிறதா? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கம் பறிபோனது. பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவரை ஒரு பரிசோதனைத் தாள் பெண் இல்லை என்றது. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் நிலைமைவரை போனார். மீண்டு வந்து, பயிற்சியாளர் படிப்பை முடித்தார்.

சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமில்லாத அறுவை சிகிச்சை கூடாது என்று 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை அம்மாவிடம் வாய் திறக்கும் அந்த ராத்திரியில், தீர்ப்பு நகலா கூட வந்து நிற்கும்? கிட்டப்பா பிள்ளை மாதிரி ஒரு பெரியவர், ஒரு டீச்சர், ஓர் அத்தை யாராவது இருந்தால்தான் உண்டு.

கிட்டப்பா பிள்ளை 1999-ல் மறைந்தார். சிஷ்யைக்கு 2007-ல் கலைமாமணி, 2019-ல் பத்மஸ்ரீ. பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை அவர்தான். நடுவே 2016-ல், தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்தில் உள்ள பெரியார் மணியம்மை பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.