அடுப்பில்லாத முந்திரி உருண்டை

பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குச் சாயங்காலம் நாலரைக்கே பசி வந்துவிடும். அந்த நேரத்துக்கு, பிள்ளையே தன் கையால் உருட்டித் தின்கிற ஒரு தீனியைச் சொல்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். செய்முறை சின்னது, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு வேண்டியவை பெரும்பாலும் நம் பக்கத்திலேயே விளைகின்றன. அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு ஏராளம். கடலையும் எள்ளும் அரியலூரிலும் விளைகின்றன, பெரம்பலூரிலும் விளைகின்றன. பேரீச்சம்பழம் மட்டும் வெளியிலிருந்து வருவது. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் வாங்கிவந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு மளிகைக்கடையிலேயே கிடைக்கிறது.

கொட்டை நீக்கிய பேரீச்சை 150 கிராம், முந்திரி 75 கிராம், வறுத்த வேர்க்கடலை 50 கிராம், வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு. முழு முந்திரி வேண்டாம். எப்படியும் பொடிக்கத்தானே போகிறோம், விலை குறைந்த உடைந்த பருப்பே போதும். சர்க்கரையோ வெல்லப்பாகோ சேர்ப்பதில்லை. இனிப்புக்கும் பேரீச்சைதான், மற்றதைப் பிடித்து நிறுத்தும் பசையும் அதுதான்.

முந்திரியையும் கடலையையும் முதலில் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி, ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் கக்கி விழுதாகிவிடும்; முந்திரிப் பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்புதான் இருக்கிறது. பொடியை எடுத்துவிட்டுப் பேரீச்சையைத் தனியாக அரைத்து, இரண்டையும் ஏலக்காய்த்தூள், உப்போடு சேர்த்துக் கையால் பிசையுங்கள். பேரீச்சை காய்ந்திருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் உருண்டை சீக்கிரம் கெட்டுப்போகும்.

மிக்ஸி பெரியவர் கையில் இருக்கட்டும். மற்ற வேலையெல்லாம் பிள்ளைக்கு. கடலைத் தோலைத் தேய்த்து ஊதட்டும்; சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியட்டும். பூசணக் கடலையில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு என்பதை அப்போதே சொல்லிக்கொடுங்கள். எடை போடுவதும், நெல்லிக்காய் அளவில் உருட்டுவதும், எள்ளில் புரட்டுவதும் பிள்ளை வேலைதான். தொட்டுப் பிசைந்து உருட்டியதைப் பிள்ளை தானே கேட்டு வாங்கித் தின்னும்.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கடையில் வெள்ளையாக இருக்கும் முந்திரியைப் பச்சை என்று நினைக்கிறோம். ஆனால் கொட்டையை வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைத்திருப்பார்கள். காட்டில் பொறுக்கிய கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். அதைப் பிள்ளை சுடவும் கூடாது, பல்லால் கடிக்கவும் கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கலாம். அவர்களுக்கு நன்றாகப் பொடித்ததை, உட்காரவைத்து, சின்னச் சின்னதாகக் கொடுங்கள். கடலையோ முந்திரியோ எள்ளோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. மற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த அளவுக்கு இருபது உருண்டை வரும். ஒன்றில் ஏறக்குறைய 60 கலோரி. சத்துள்ளதுதானே என்று அள்ளிக் கொடுக்க வேண்டாம், நாளுக்கு இரண்டு போதும். கூடவே ஒரு துண்டு கொய்யா கொடுங்கள். முந்திரியிலும் எள்ளிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள கொய்யாவிலுள்ள வைட்டமின் சி உதவும். பேரீச்சை பல்லில் ஒட்டும், தின்றதும் வாய் கொப்பளிக்கட்டும். மூடிய டப்பாவில் நாலைந்து நாள் தாங்கும். கோடையில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இரண்டு மூன்று முறை செய்த பிள்ளையை அடுத்து கடைக்குக் கூட்டிப்போய், தீனி பாக்கெட்டின் பின்பக்கத்திலுள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. அங்கே முதலில் சர்க்கரையோ மைதாவோ நின்றால், எதைத் தின்னப்போகிறோம் என்பது பிள்ளைக்கே விளங்கிவிடும். தன் உருண்டையில் என்னென்ன எத்தனை கிராம் என்று தெரிந்த பிள்ளைக்கு நாம் கூடுதலாகப் புத்தி சொல்ல வேண்டியதில்லை.