காணி உறுதியும் வீட்டுக் கணனியும்

இடம்பெயர்ந்த குடும்பம் எதுவானாலும் அதனிடம் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கூப்பன் மட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கம் நெரிசலில் நடந்தவர்களும் இந்தப் பையின் அருமையை அறிவார்கள். சிலர் அதை மார்போடு அணைத்துக் கொண்டு வந்தார்கள். சிலருக்கு அதை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. 2009 இல் வன்னியில் பதுங்கு குழியோடு போன பைகள் எத்தனையோ.

அப்படித் தப்பிய பைகள் பல இன்று வெள்ளவத்தையில் இருக்கின்றன. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், மாடிவீடுகளின் அலுமாரிகளில். ஊரில் தோட்டம் செய்த பெற்றோர் மகனோடோ மகளோடோ அங்கே தங்கியிருப்பார்கள். வீட்டில் இரண்டு மூன்று கணனிகளும் இருக்கும்: மகனுடைய வேலைக்கு ஒரு லப்டொப், படிக்கிற பிள்ளைக்கு இன்னொன்று, மூலையில் பழையதொன்று. விசாவுக்கோ வழக்குக்கோ உறுதியை ஒரு நாள் கடையில் ஸ்கான் செய்து, அந்தக் கோப்பை ஏதோ ஒரு கணனியில் போட்டிருப்பார்கள். எதில் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த ஒரு கணனி பழுதானால் கோப்பும் போய்விடும்.

நம் நாட்டில் உறுதி எழுதும் முறையைச் சற்று யோசித்துப் பாருங்கள். 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு ஒரு பிரதியை உங்களிடம் தருகிறார். ஒன்றைத் தம்மிடம் வைத்துக் கொள்கிறார். மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். ஒரே பத்திரம் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று எரிந்தாலும் மற்றது நிற்கும் என்பதுதான் ஏற்பாடு. (போர் அந்த மூன்றையும் தேடித் தேடி அழித்த ஊர்களும் உண்டு, அது வேறு கதை.) வீட்டுக் கணனிகளை ஒன்றோடொன்று இணைப்பதையும் இதே யோசனையோடுதான் பார்க்க வேண்டும்.

இணைப்பதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இன்ரநெற்றுக்காக வீட்டில் ரவுட்டர் பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா, அதுவே போதும். அநேகமானவற்றின் பின்புறத்தில் கேபிள் குத்துவதற்கு நான்கு வாய்கள் இருக்கும். கேபிளாலோ வைபையாலோ அதனோடு இணைந்த ஒவ்வொரு கணனிக்கும் அந்தப் பெட்டி ஓர் இலக்கம் கொடுக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வீட்டுக்குள் மட்டும் பாவிப்பதற்கென்று உலகளவில் ஒதுக்கப்பட்ட இலக்கங்களில் அதுவும் ஒன்று. வெள்ளவத்தை வீட்டிலும் ரொறன்ரோ வீட்டிலும் ஒரே இலக்கம் இருக்கலாம், ஒன்றோடொன்று முட்டாது. ஒரு கணனியிலிருந்து மற்றதற்குக் கோப்பு போகும்போது அது வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே டேட்டா முடிந்துபோனாலும், இன்ரநெற் கட்டணம் கட்டாமல் விட்டாலும் இந்த வேலை நடக்கும். கொங்கிறீற் சுவர் தடுக்கிற அறைகளுக்கு வைபையை விடக் கேபிள் நல்லது. 100 மீற்றர் வரை அது தாங்கும்.

விண்டோஸ் கணனியானால் முதலில் இணைப்பின் வகையைப் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். பிறகு பத்திரங்கள் உள்ள கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ இல் ‘ஷெயரிங்’ என்பதற்குப் போய், யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று குறியுங்கள். மற்றக் கணனியில் இரண்டு பின்சாய்கோடுகளும் முதற் கணனியின் பெயரும் தட்டினால் கோப்புறை தெரியும். முன்பு ‘ஹோம்குறூப்’ என்றொரு சுலப வழி இருந்தது. 2018 இல் விண்டோஸ் 10 இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பகிர்ந்தால் மட்டும் இரண்டு பிரதிகள் ஆகிவிடாது. மகளின் கணனி மகனின் கணனியில் உள்ளதை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். மகனின் ஹாட் டிஸ்க் செத்தால் இருவருக்கும் இல்லை. திறந்து பார்த்ததோடு நில்லாமல் கோப்புறையைத் தன் கணனிக்குள் பிரதி எடுத்து வைக்க வேண்டும். அதோடு மூன்றாவது பிரதி ஒன்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். 2017 மே மாதத்தில் ‘வன்னாகிறை’ என்ற நாசகார மென்பொருள் விண்டோஸின் பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகவே உலகெங்கும் கணனிக்குக் கணனி தாவிக் கோப்புகளைப் பூட்டியது. கழற்றி வைத்த டிஸ்க்கை அது தொட முடியாது. பழைய கணனியை இணைப்பதற்காக அந்தப் பழைய முறையை மீண்டும் திறந்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வெள்ளவத்தைக்கென்று இன்னொரு கவனம். அறைகளை வாடகைக்கு விட்டு, வைபை கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிவிடுவது அங்கே வழமை. காணி உறுதியும் அடையாள அட்டையும் உள்ள கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைப்பது, அலுமாரியை விறாந்தையில் வைப்பதற்குச் சமம். வாடகைக்கு இருப்போருக்கு ரவுட்டரிலேயே ‘கெஸ்ற்’ இணைப்பு ஒன்றைப் பிரித்துக் கொடுக்கலாம்.

ஸ்கான் பிரதி உறுதி ஆகாது. நீதிமன்றத்துக்கு மூலப் பத்திரமோ காணிப் பதிவகம் அத்தாட்சிப்படுத்திய பிரதியோ வேண்டும். ஆனால் அந்த அத்தாட்சிப் பிரதியை எடுப்பதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டின் பாகமும் பக்கமும் தெரிய வேண்டும். இவை தெரியாததால்தான் சனங்கள் கந்தோர் கந்தோராக அலைகிறார்கள். ஆகவே ஸ்கான் செய்யும்போது பின்பக்கத்தையும் விடாதீர்கள். பதிவகத்தின் முத்திரையும் குறிப்பும் அங்கே இருக்கக்கூடும். கோப்புக்கு ‘ஸ்கான் 1’ என்று பெயர் வைக்காமல் காணியின் பெயரையும் உறுதி இலக்கத்தையும் வையுங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களுக்கு இது இன்னும் அவசரம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்தை நொத்தாரிசு எழுதுவதில்லை. ஆகவே மேலே சொன்ன மூன்று பிரதிகள் அதற்கு இல்லை. உங்கள் கையில் உள்ள பத்திரமும் பிரதேச செயலகத்துப் பேரேடும்தான் ஆதாரம். பின்னுரித்தாளராக யாரைக் குறித்தீர்கள் என்ற பதிவையும், கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து ஸ்கான் செய்யுங்கள். அந்தச் சீட்டுகளின் மை வெகு சீக்கிரம் மங்கிவிடும். அவற்றை முதலில் எடுங்கள்.