கம்மல் தப்பிக்க ஒரு வழி!

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆபீஸுக்கு ஒரு போன். ரெண்டு நாள் மெடிக்கல் லீவு. (காய்ச்சல் ஒரே நாளில் விட்டுவிடும், அது வேறு விஷயம்!) ஆபரேஷன் என்றாலும் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

களையெடுக்கப் போகிற பெண்மணிக்கு? படுத்த அன்றே கூலி கட். அப்புறம் டாக்டர், ஊசி, பஸ் சார்ஜ். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் காதில் கிடக்கும் கம்மல் அடகுக் கடைக்கு நடையைக் கட்டும். நோய் போய்விடும், வட்டி போகாது.

இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் குஜராத்தின் 'சேவா' பெண்கள். இளா பட் 1972-ல் அகமதாபாத்தில் ஆரம்பித்த சங்கம். காய்கறி விற்பவர், பீடி சுற்றுபவர், வயல் கூலி என்று எல்லாரும் மெம்பர். 1974-ல் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சொந்தமாக பேங்க்கே தொடங்கிவிட்டார்கள்! கடன் வாங்கியவர்கள் தவணை கட்டாமல் நின்றபோது ஏன் என்று விசாரித்தால், அடிக்கடி வந்த பதில்... வீட்டில் சீக்கு.

1992-ல் 'விமோ சேவா' பிறந்தது. ('விமோ' என்றால் குஜராத்தியில் காப்பீடு.) பிரீமியத்துக்கு ஒரு நல்ல யோசனை செய்தார்கள். சேவா பேங்கில் ஒரு டெபாசிட் போட்டுவிட்டால் போதும், அதன் வட்டியே வருஷா வருஷம் பிரீமியமாகிவிடும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டைக் கண்டதும் சந்துக்குள் புகுந்து ஓடும் நண்பர்கள் கவனிக்க!

சிக்கல் பணம் கட்டுவதில் இல்லை, வாங்குவதில். 2000-களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வருஷத்துக்கு 2,000 ரூபாய் வரை கிடைத்தது. ஆனால் முதலில் கைப்பணத்தைக் கட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், மருந்து பில், ரசீது எல்லாம் கொடுத்த பிறகுதான் பணம். கைப்பணம் இல்லாமல்தானே இன்ஷூரன்ஸுக்கே வந்தார்கள்! ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நகரத்தில் ஏழை மெம்பர்களும் சரிசமமாக கிளெய்ம் வாங்கியிருந்தார்கள். கிராமத்தில் கொஞ்சம் வசதியானவர்கள் முந்திக்கொள்ள, பரம ஏழைகள் பின்தங்கிவிட்டார்கள்.

கிளெய்ம் பேப்பர்களைப் புரட்டியபோது இன்னொரு அதிர்ச்சி. கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன் முன்வரிசையில்! நாற்பது வயதுகூட ஆகாதவர்கள் பலர். சங்கம் இதை மூடி மறைக்கவில்லை, பாராட்ட வேண்டும். பெண்களைக் கூட்டி, எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்று விளக்கினார்கள். ஆனால் விளக்கிய இடத்துக்கும் விளக்காத இடத்துக்கும் கிளெய்ம் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. பக்கத்தில் நல்ல வைத்தியம் இல்லாதபோது வெறும் பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

ரசீதுத் தொல்லைக்கு நம்ம நீலகிரியில் வேறு வழி கண்டார்கள். கூடலூரில் ஆதிவாசிகளுக்காக 'அக்கார்டு' தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் உருவான 'அஸ்வினி' ஆஸ்பத்திரி. ஆதிவாசிப் பெண்களே நர்ஸ். அங்கேயும் 1992-ல்தான் இன்ஷூரன்ஸ் வந்தது. பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் நோட்டுக் கட்டோடு வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பில்லை வைத்துக்கொண்டு கம்பெனியோடு மல்லுக்கட்டுவது ஆஸ்பத்திரியின் தலைவலி!

தேனி மாவட்டம் கடமலைக்குண்டுப் பக்கம் 'களஞ்சியம்' மகளிர் சேமிப்புக் குழுக்கள் 2000-ல் இன்னும் ஒருபடி மேலே போயின. இன்ஷூரன்ஸ் கம்பெனியே வேண்டாம், நம்ம பொது நிதியே போதும் என்று இறங்கிவிட்டன. பொய் கிளெய்ம் வராதா என்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்துவிட முடியுமா, சார்!

2018-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. பெரிய ஆபரேஷனுக்கு அது தெய்வம்தான். ஆனால் மூணு நாள் காய்ச்சலுக்கும், போன கூலிக்கும், பஸ் சார்ஜுக்கும் அதில் இடமில்லை. அதற்கு இன்னமும் குழுக் கூட்டத்தில்தான், "அக்கா, ஒரு ஐந்நூறு வேணும்" என்று கேட்கிறார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தும்விடுகிறார்கள்.