அப்பாயியின் குரலும் 17 வெள்ளிக் கேபிளும்

அப்பாவின் அலமாரியில் 12 கேசட்டுகள் இருக்கின்றன. பாட்டுக் கேசட்டுகள் அல்ல, கடிதங்கள். 1980களில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாயி பேசிப் பதிவுசெய்து, சிங்கப்பூருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பியவை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அதுதான் தபால்.

சென்ற மாதம் அவற்றைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். கேசட் டெக் இருந்தது. சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு அப்பா பேரம் பேசி வாங்கியது. ஆனால் ஹெட்ஃபோனில் முதலில் வந்தது 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். அப்பாயி அதற்குப் பின்னால் எங்கோ பேசிக்கொண்டிருந்தார். வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். எனக்கே ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் அங்கிருந்துதான் வருகிறது. மென்பொருளில் அந்த 50ஐ வெட்டிவிடலாம். ஆனால் அதன் மடங்குகளான 100, 150, 200 எல்லாம் கூடவே வரும். அவற்றையும் வெட்டிக்கொண்டே போனால் குரலின் அடித்தளமும் சேர்ந்து போய்விடும். இரைச்சலை உள்ளே வரும் முன்பே நிறுத்துவதுதான் வழி.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்டால், காசு செலவழிக்கும் முன் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் முழுவதும் நின்றால் கேபிள்மீது பழியில்லை. எனக்குப் பாதிதான் குறைந்தது. டெக்கோடு வந்த பழைய கேபிளை வெட்டிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றிச் செப்பு வலை நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்க வேண்டும். இரைச்சலைத் தடுக்கும் கவசம் அதுதான். இதில் தலைமுடிபோல் நாலைந்து இழைகள் மட்டுமே இருந்தன.

நல்ல கேபிளுக்கு விலை கேட்டால் தலை சுற்றும். நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகிறது. 2007ல் அமெரிக்க மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 7,000 டாலருக்கும் அதிக விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் 1 மில்லியன் டாலர் பரிசு. அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. ஒரு மீட்டர் கேபிள் ஒலியைக் கெடுப்பதென்றால், அது பெரும்பாலும் நம் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி வெகு உயரத்தில்தான். கவசமும் இணைப்பும் சரியாக இருந்தால் போதும்.

தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு சிம் லிம் டவருக்கு நடந்தேன். ஜாலான் புசார் பக்கம் இருப்பது. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு உள்கம்பிகளும் செப்பு வலையும் கொண்ட மைக் கேபிள் 3 மீட்டர், ஆர்சிஏ பிளக் நான்கு, சூடுபட்டால் சுருங்கும் குழாய் ஒரு துண்டு. மொத்தம் 17 வெள்ளி. முருங்கைக்காய்ப் பையோடு வந்து செப்பு வலையின் நெருக்கத்தைச் சோதித்த பெண்ணைக் கடைக்காரர் சற்று வேடிக்கையாகத்தான் பார்த்தார். சால்டரிங் அயனும் மல்டிமீட்டரும் அலுவலகப் பொறியாளர் ஒருவரிடம் இரவல்.

வேலை எளிது. ஓர் உள்கம்பி பிளக்கின் நடு ஊசிக்கு. மற்ற கம்பியையும் செப்பு வலையையும் சேர்த்து முறுக்கி வெளி வளையத்துக்கு. இரு முனையிலும் அப்படியே. முதலில் உலோகத்தைச் சூடாக்கி, பிறகு சால்டர் கம்பியை அதில் தொடவேண்டும். அது தானாக உருகிப் பரவும். அயனில் உருக்கிச் சொட்டுவிட்டால் ஒட்டியதுபோல் தெரியும், ஒருநாள் கழன்றுவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சால்டரில் ஈயம் இருக்கலாம், அதனால் சாப்பாட்டு மேசை வேண்டாம், முடிந்ததும் கை கழுவுங்கள்.

முதல் பிளக்கை அழகாகப் பற்றவைத்து முடித்தபோதுதான், மேல்மூடியைக் கேபிளில் முன்பே கோக்க மறந்தது தெரிந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு பனியனைத் தேடிய கதை. பிரித்து மறுபடி. இரண்டாவதில் அயனை அதிக நேரம் வைத்து உள்கம்பியின் பிளாஸ்டிக் உறையை உருக்கிவிட்டேன். ஊசியும் வளையமும் ஒன்றையொன்று தொட்டன, மல்டிமீட்டர் 'பீப்' என்று காட்டிக்கொடுத்தது. அந்தச் சோதனையைச் செய்யாமல் எதிலும் செருகாதீர்கள். நான்கும் முடிய இரவு ஒன்றரை மணி.

மறுநாள் அப்பாவை ஹெட்ஃபோனோடு உட்காரவைத்தேன். நாடாவின் 'ஸ்ஸ்' மட்டும் மெலிதாக இருந்தது. அப்பாயி மாடு கன்று போட்டதைச் சொன்னார், மழையில்லை என்றார், "வேளாவேளைக்குச் சாப்பிடுறியாய்யா?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பின்னாடி போம்மா."

போனேன். அப்பாயியின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ இருமுகிறார்கள்.

"தாத்தா," என்றார் அப்பா. "திண்ணையில படுத்திருக்காரு."

எத்தனையோ முறை கேட்ட கேசட்தான். அந்த இருமலை அவர் இதுவரை கேட்டதில்லையாம். இன்னும் 11 இருக்கின்றன. டெக்கின் ரப்பர் பெல்ட் வேறு தேயத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை மறுபடி சிம் லிம் டவர், இம்முறை அப்பாவும் வருகிறார்.