டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம்

திருவேங்கடத்தில் கோழி கூவுகிறதோ இல்லையோ, ஐந்து மணிக்கெல்லாம் டீக்கடை பாய்லர் சூடேறிவிடும். சங்கரன்கோவில் பஸ்சுக்கு நிற்பவர்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள், மக்காச்சோளக் காட்டுக்குக் கிளம்பியவர்கள் எல்லோருக்கும் அன்றைய முதல் ஆகாரம் அங்கேதான். ஒரு டீ, கூட ஒரு வடையோ பன்னோ. வேனுக்கு நேரமாகிவிட்டால் வடையும் கிடையாது.

என் அத்தை இருபது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று போன வருஷம் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.9. மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டேன்.

“ஒரு நாள் விடலய்யா. காலைல டீ குடிக்கும்போதே போட்டுருவேன். அப்பத்தான மறக்காது.”

மாத்திரை மேல் குற்றமில்லை. கூடவே உள்ளே போன டீதான் அதை வேலை செய்ய விடவில்லை. டீ நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இப்போது அத்தை கதையைத்தான் சொல்கிறேன். டீ நல்லது. எந்த நேரத்தில், எதோடு சேர்த்துக் குடிக்கிறோம் என்பதில்தான் நம் ஊர்ப் பக்கம் கோளாறு.

இலையில் இருக்கும் நன்மை

கிரீன் டீயும் கடையில் ஆற்றித் தரும் சாயாவும் ஒரே செடியின் இலைதான். பறித்தவுடன் சூடு காட்டி உலர்த்தினால் பச்சையாக நிற்கும். நசுக்கி, காற்றுப் பட விட்டுக் கறுக்கவைத்தால் நமது டீத்தூள். கறுக்கும்போது இலையிலுள்ள கேட்டசின்களில் பெரும்பகுதி தியாஃபிளேவின் போன்ற வேறு பொருள்களாக மாறுகிறது. இரண்டும் பாலிஃபீனால் வகைதான், ரத்தக்குழாய்க்கு நல்லது செய்பவை. இவற்றோடு காஃபின். கூடவே தியானின் என்ற அமினோ அமிலம். காப்பி குடித்தால் வரும் படபடப்பு டீயில் பலருக்கு வராததற்கு, காஃபின் அளவு குறைவு என்பதோடு இந்தத் தியானினையும் காரணமாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2022-ல் ஒரு பெரிய ஆய்வு முடிவை வெளியிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்ததில், தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களின் இறப்பு அபாயம், குடிக்காதவர்களைவிட 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் குடித்தது கறுப்புத் தேயிலை. பால் சேர்த்தவர்களிடமும் அதே போக்குதான். அதே வருஷம், 8 நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நாளுக்கு நான்கு கப்போ அதற்கு மேலோ குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவு என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு ஆயுளுக்கு உத்தரவாதம் கிடைத்ததாக நினைத்துவிடக் கூடாது. டீ குடிப்பவர்கள் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். இப்படிக் கவனித்துப் பார்க்கும் ஆய்வுகள் தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. ஆனால் ஒன்று சொல்லலாம். கிரீன் டீ பாக்கெட்டுக்கு முந்நூறு நானூறு ரூபாய் கொடுத்து முகம் சுளித்துக்கொண்டு குடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கம்மங்கூழ் இருந்த இடம்

தேயிலை நமக்கு ஒன்றும் தூர தேசத்துச் சரக்கு இல்லை. சிங்கம்பட்டி ஜமீனின் மலைநிலத்தை 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, மாஞ்சோலையில் தோட்டம் போட்டது. குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024-ல் தோட்ட வேலையை நிறுத்தித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இலை மேற்கு மலையில் விளைந்ததே தவிர, கீழே கரிசல் காட்டில் அந்தக் காலத்துக் காலைப்பொழுது நீச்சத்தண்ணிக்கும் கம்மங்கூழுக்கும் உரியதாகத்தான் இருந்தது. சின்ன வெங்காயம் ஒன்றைக் கடித்துக்கொண்டு ஒரு செம்பு கூழ் குடித்துவிட்டுப் போனால் உச்சிவரை தாங்கும்.

100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கூழ் போன இடத்தில் டீ வந்து உட்கார்ந்ததைப் பானம் மாறியதாக மட்டும் பார்க்க முடியவில்லை எனக்கு. ஒரு வேளைச் சாப்பாடே காணாமல் போயிருக்கிறது. காஃபினும் சர்க்கரையும் பசியைக் கொஞ்ச நேரம் அமர்த்தும். பதினொரு மணிக்குத் தூக்குவாளியில் அடுத்த டீ ஆபீசுக்கே வந்துவிடும். முதல் உருப்படியான சாப்பாடு மத்தியானம் ஒன்றரைக்கு. அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்காவது 2022-லிருந்து காலை உணவுத் திட்டம் இருக்கிறது. பிள்ளை பள்ளியில் உப்புமா சாப்பிடுகிறது, தாய் டீயோடு வேன் ஏறுகிறாள்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கு டீ ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு, கடைசியில் சாப்பிடும் வழக்கம் எல்லாம் இருக்கின்றன. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறவர், அதில் கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் டீயில் இழக்க வேண்டாமே என்பதுதான் பேச்சு.

இரும்பைப் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு

டீயில் நாக்கைக் கவ்வும் துவர்ப்பு பாலிஃபீனால்களிலிருந்து வருவது. டானின் என்று பொதுவாகச் சொல்கிறோம். இதே பொருள் வயிற்றுக்குள் கீரையிலும் பயறிலும் கம்பிலும் உள்ள இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இரும்பைக் குடல் உறிஞ்சாது, அது அப்படியே வெளியே போய்விடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, தாவர உணவிலிருந்து உடல் எடுக்கும் இரும்பை 79 முதல் 94 சதவீதம்வரை குறைக்கும் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பால் ஊற்றினாலும் இந்தக் குணம் போகவில்லை. ஆட்டு ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வகை. அதை டானின் அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள் சாம்பாரும் ரசமும் சாப்பிடும் வீட்டில் அதைச் சொல்லி என்ன பயன்?

டீக்கடையில் துணிப்பையில் டீத்தூளைக் கட்டிக் கொதிநீரில் ஊறப்போட்டே வைத்திருக்கிறார்களே, அங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. முதல் டிக்காஷன் மணமாக இருக்கும். அதே தூள் நேரம் போகப் போக ஊறினால் மணம் போய்த் துவர்ப்பு மட்டும் ஏறும். காந்தி 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது உடல்நலம் பற்றி எழுதிய சிறுநூலில் இதைக் கவனித்திருக்கிறார். தேயிலையைக் கொதிக்கவிடக் கூடாது, வடிகட்டியில் இலையைப் போட்டு மேலே வெந்நீரை ஊற்றி, வைக்கோல் நிறத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் யோசனை. அவருக்கு டீயே பிடிக்காது என்பது வேறு கதை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் சொல்வது எளிய ஏற்பாடுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமும் டீயோ காப்பியோ வேண்டாம். இட்லி சாப்பிட்டு இலையை எடுப்பதற்குள் டீ சொல்கிறோமே, அந்த ஒரு பழக்கத்தை நகர்த்தினால் போதும். இரும்பு மாத்திரைக்கும் இதே இடைவெளி. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். டீ அதற்குப் பிறகு, குறைந்தது அரைமணி ஒரு மணி நேரம் கழித்து.

எத்தனை ஸ்பூன்?

ஒரு நாள் எங்கள் தெருமுனைக் கடையில் மாஸ்டர் ஒரு கிளாசுக்குப் போடும் சர்க்கரையை ஒரு காகிதத்தில் வாங்கிவந்து, வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். 11 கிராம் காட்டியது. நாளுக்கு ஐந்து டீ என்றால் 55 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிட்டாய், கேசரி, குளிர்பானம் எதையும் தொடாமலே டீயிலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. டீ சர்க்கரை நோயைத் தள்ளிப்போடும் என்ற செய்தியை வைத்துக்கொண்டு இப்படி ஐந்து கிளாஸ் குடித்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்தியாப் என்ற தேசிய ஆய்வு சொல்கிறது.

கருப்பட்டி போட்டால் தப்பில்லை என்று நம்புகிறவர்கள் அதிகம். ருசி வேறு, மணம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ரத்தத்தில் ஏறும் கணக்கில் பெரிய சலுகை கிடையாது. “சர்க்கரை கம்மி” என்று சொல்லிக் குடிக்க ஆரம்பித்தால் பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

ஆற்றுவதில் இருக்கும் மருத்துவம்

உயரத் தூக்கி நுரை பொங்க ஆற்றுவதை வேடிக்கை என்று நினைக்கிறோம். சூட்டைக் குறைப்பதுதான் அதன் முதல் வேலை. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் 50,000 பேரை வைத்து நடந்த ஆய்விலும், 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் தினமும் 700 மில்லிக்குமேல் டீ குடித்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. குற்றம் இலையுடையதல்ல, சூட்டினுடையது.

கண்ணாடி கிளாசில் ஒரு வசதி உண்டு. சுட்டால் விரல் பிடிக்காது, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்போம். விரல் தாங்காததைத் தொண்டைக்கு அனுப்பாமல் இருந்தால் சரி.

பேப்பர் கப்பில் அந்த எச்சரிக்கை மங்கிப்போகும். தவிர, அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான பானம் 15 நிமிடம் அதில் இருந்தால் 100 மில்லிக்குச் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் கலக்கிறது என்று கரக்பூர் ஐஐடியினர் 2020-ல் கண்டார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சாரல் காலத்தில் குற்றாலம் அருவிக்கரையில் ஒரு நடை போய் வந்தால் தடை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும். பார்சல் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவது இதைவிட மோசம். ஆபீசுக்கு டீ கொண்டுபோகும் அந்தப் பழைய எவர்சில்வர் தூக்குவாளிதான் எனக்குத் தெரிந்து நல்ல பாத்திரம்.

தூளில் சாயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், வடிதாள் ஒன்றில் கொஞ்சம் டீத்தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு, தூளைத் தட்டித் தாளைக் குழாயில் காட்டிப் பாருங்கள். கறை அடர்த்தியாக நின்றால் கலப்படம்.

புளியங்குடி எலுமிச்சை

செங்கோட்டை தாண்டிப் புளியரைப் பக்கம் போனால் கட்டன் சாயா சாதாரணம். நம் பக்கம் பால் இல்லாத டீயைக் காய்ச்சல்காரர் குடிப்பது என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பொன்னிறமாகத் தெளியும், துவர்ப்பும் மட்டுப்படும். எலுமிச்சைக்கு நாம் எங்கும் போக வேண்டாம், புளியங்குடிச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. வைட்டமின் சி இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது. டானின் செய்யும் கெடுதலை ஓரளவு ஈடுகட்டும். அதற்காகச் சாப்பாட்டோடு லெமன் டீ குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. சாப்பாட்டோடு வேண்டியது எலுமிச்சை, டீ அல்ல.

காஃபினுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் இருக்கிறது. நாளுக்கு 300 மில்லிகிராம் என்பது மேலே சொன்ன 2024 உணவு வழிகாட்டுதல் வைக்கும் வரம்பு. கர்ப்பிணிகள் இதற்கு வெகு கீழேயே, இரண்டு மூன்று கப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. உடம்பில் ஏறிய காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். சங்கரன்கோவிலில் இரவு தறி ஓட்டுகிறவர்களுக்கு டீ வேண்டியிருக்கிறது, புரிகிறது. ஷிப்டு முடியும் நேரத்து டீயை விட்டால் பகலில் தூக்கம் வரும். கைக்குழந்தை பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்பதைப் பார்த்து ரசிக்கும் வீடுகளில் மட்டும் எனக்குச் சண்டை போடத் தோன்றும்.

அத்தை இப்போது காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வேன் ஏறுகிறார். பதினொரு மணித் தூக்குவாளி டீ அப்படியே தொடர்கிறது, கூடக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒன்று. மாத்திரை இரவில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு. நாலு மாதத்தில் 11.2 வந்திருக்கிறது. ஆறவைத்துக் குடிக்கிற டீயெல்லாம் ஒரு டீயா என்ற குறை மட்டும் இன்னும் தீரவில்லை.